உதிர்ந்ததும் உதிர்த்ததும்: இலையுதிர்வு என்னும் உவமை

ஓர் உவமை படிப்போர் நெஞ்சில் பதிய வேண்டுமாயின், அதற்கு அடிப்படையான காட்சியைப் பாடுவோர் கண்ணாரக் கண்டிருத்தல் வேண்டும். காணாத காட்சியையும் கேள்வியறிவால் பாடலாம். ஆயின், ஒருவர் பாடியதைப் பலரும் பாடத் தொடங்கிவிட்டால் அது வழக்காகிவிடும். வழக்கான பின், அது நம் மண்ணுக்குப் பொருந்துமா, சொல்ல வந்த பொருளுக்கேனும் பொருந்துமா என்று எவரும் நின்று கேட்பதில்லை. மலேசியத் தமிழ்க் கவிதையிலும் சிறுகதையிலும் மாணவர் கட்டுரைகளிலும் அடிக்கடி வந்துபோகும் 'இலையுதிர் காலம்' இத்தகைய வழக்குகளுள் ஒன்று.

முதுமையைச் சொல்ல வேண்டுமா? இலையுதிர் காலம். காதல் முறிந்ததா? இலையுதிர் காலம். தோட்டத்தை விட்டு ஒரு குடும்பம் வெளியேறியதா? அதுவும் இலையுதிர் காலமே. ஒரே உவமை இத்தனை பொருளுக்கும் இடங்கொடுக்கிறது எனில், அது எப்பொருளையும் கூர்ந்து நோக்காமல் வந்தது என்றே கருத வேண்டியுள்ளது. இக்கட்டுரை மூன்று வினாக்களை எழுப்புகிறது. இப்பருவம் தமிழ்ப் பொழுது மரபில் எங்கு நிற்கிறது? மரம் எதனால் இலையை உதிர்க்கிறது? இந்நாட்டில் நாம் உண்மையில் கண்ட இலையுதிர்வு எது? இம்மூன்றுக்கும் விடை கண்டால், இவ்வுவமையை எங்கே கையாளலாம், எங்கே கையாளலாகாது என்பது தெளிவாகும்.

பொழுது மரபில் இலையுதிர்வு

தமிழ் மரபு கண்ட பெரும்பொழுதுகள் ஆறு. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவற்றுள் இலையுதிர் காலம் என ஒன்று இல்லை. மழை, குளிர், பனி, வெயில் என வானும் காற்றும் செய்யும் மாற்றத்தை வைத்தே நம் முன்னோர் ஆண்டைப் பகுத்தனர். மரத்தின் மாற்றத்தை வைத்து ஒரு பருவத்துக்குப் பெயரிட வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை.

அத்தேவை எழாமைக்குக் காரணம் வெளிப்படை. இங்கிலாந்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மரங்கள் நிறம் மாறி இலை கொட்டுகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டில் கூதிர் நிலவுகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி குளங்கள் நிரம்புகின்றன. மரஞ்செடி கொடிகள் நீருண்டு தழைக்கின்றன. நெடுநல்வாடை நமக்குக் காட்டும் உலகம் இது. அப்பாட்டில் பிரிவின் துயரைச் சுமந்து வருவது ஈரமும் வாடைக் காற்றுமே. உதிரும் இலைகள் அல்ல. கோலாலம்பூரிலும் நவம்பர் மாதம் ஆண்டின் மிகுமழை மாதங்களுள் ஒன்று. ஆகவே, நவம்பரில் இலையுதிரும் ஒரு மலேசியத் தமிழ்க் கவிதை, தமிழ்நாட்டுப் பொழுதுக்கும் உரியதன்று. இந்நாட்டுப் பொழுதுக்கும் உரியதன்று. அது நூல்வழி வந்த பொழுது.

இதனால், இலையுதிர்வைத் தமிழர் அறியாதவர் என்பது பெறப்படாது. பாலைத் திணைப் பாடல்களைப் பயின்றோர்க்கு இலையற்ற மரங்கள் புதியன அல்ல. ஓமையும் யாவும் உகாயும் நிழல் தர மாட்டாமல் நிற்கும் வழிகளில்தான் தலைவன் பொருள்தேடிச் செல்கிறான். இலையெல்லாம் கழிந்த பின் செந்நிறமாய்ப் பூத்து நிற்கும் இலவ மரத்தையும் அப்புலவர்கள் கண்டுள்ளனர். அங்கு இலையுதிர்வு வறட்சியைச் சார்ந்தது, குளிரைச் சார்ந்ததன்று. அன்றியும், அவர்கள் இலையற்ற மரத்தில் அழிவை மட்டும் காணவில்லை. தன் பிடியின் பசி தீர்க்க யாமரத்தின் பட்டையை உரித்துத் தரும் களிற்றைக் குறுந்தொகை காட்டுகிறது. நிழலற்ற அந்நிலத்திலும் அன்பு நிகழ்கிறது. அம்மரமும் ஒன்றைத் தருகிறது. இத்தகைய கூர்ந்த நோக்கு நம் பழம்புலவர்க்கு இருந்தது.

மேலைநாட்டு இலக்கியத்திலேனும் இப்பருவம் அழிவுக்கே உரியதா எனின், அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இப்பருவத்துக்கு முற்காலத்தில் வழங்கிய பெயர் அறுவடை என்னும் பொருளுடையது. கீட்ஸ் 1819 செப்டம்பரில் இப்பருவத்தை விளித்து எழுதிய புகழ்பெற்ற பாடலில் இலை உதிரும் காட்சியே இல்லை. பழம் கனிவதும் தேன்கூடு நிறைவதும் கதிர் அரிவதுமே அதில் உள்ளன. நிறைவுக்குரிய பருவமாகவும் போற்றப்பட்ட ஒன்றை நாம் சோகத்துக்கு மட்டும் இரவல் வாங்கினோம். இரவல் வாங்கியதிலும் பாதியையே வாங்கினோம்.

மரம் செய்யும் செயல்

இனி, இலை உதிர்வது எவ்வாறு என்பதைக் காண்போம். இதனை அறிவியல் ஆசிரியர்க்கு உரியது என்று தமிழாசிரியர் ஒதுக்கிவிடுதல் கூடாது. உவமானத்தின் இயல்பை அறியாமல் உவமேயத்தோடு அது பொருந்துவதை ஆராய இயலாது.

குளிர்நாடுகளில் மரம் இலையை உதிர்ப்பதற்கு முதற் குறிப்பைத் தருவது பகலின் நீளம். இலண்டனில் ஜூன் மாத இறுதியில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. டிசம்பர் மாத இறுதியில் 8 மணி நேரத்துக்கும் குறைகிறது. பகல் குறுகுவதை இலை உணர்கிறது. குளிரும் சேர்ந்துகொள்கிறது. வரவிருக்கும் பனிக்காலத்தில் நிலத்து நீர் உறைந்துவிடும். வேரால் அதனை எளிதில் உறிஞ்ச இயலாது. இலைகள் இருந்தால் அவற்றின் வழியே மரத்தின் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வரவு நின்றபின் செலவு மட்டும் தொடர்ந்தால் மரம் மாளும். எனவே செலவுக்குரிய வாயிலை மரம் முன்கூட்டியே அடைக்கிறது.

அடைக்கும் முறை வியப்புக்குரியது. மரம் இலையை வீசி எறிவதில்லை. முதலில் இலையிலுள்ள பச்சையம் சிதைக்கப்படுகிறது. இலையின் தழைச்சத்தும் மணிச்சத்தும், பொதுவாக ஏறத்தாழப் பாதியளவு, கிளைக்கும் தண்டுக்கும் திருப்பி எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பச்சையம் நீங்கியதும், அதுவரை அதனுள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரிகின்றன. சில மரங்களில் சிவப்பு நிறமி அப்போது புதிதாகவே உண்டாக்கப்படுகிறது. நாம் 'வாடிய நிறம்' என்று எழுதிவிடும் அந்நிறம், மரம் தன் செல்வத்தைத் திரும்பப் பெறும் வேலை நடந்துகொண்டிருப்பதற்கு அடையாளம்.

அதே வேளையில் இலைக்காம்பின் அடியில் மற்றொரு வேலை நடைபெறுகிறது. இலை நலமாக இருக்கும்வரை ஆக்சின் என்னும் ஊக்கி அதிலிருந்து காம்பை நோக்கி வந்துகொண்டிருக்கும். அவ்வரவு குறைந்ததும், காம்படியிலுள்ள மெல்லிய உயிரணு அடுக்கு ஒன்று எத்திலீன் என்னும் வளியின் தூண்டுதலுக்கு இணங்குகிறது. அவ்வடுக்கில் சுரக்கும் நொதிகள் உயிரணுக்களை ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கின்றன. அதன் மரப்பக்கத்தில் தக்கை போன்ற காப்புப் படலம் உருவாகிப் புண்ணை மூடுகிறது. இறுதியில் ஒரு சிறு காற்றோ இலையின் எடையோ போதும். இலை பிரிந்து விழுகிறது. கிளையில் எஞ்சுவது ஆறிய தழும்பு.

இங்கு ஓர் உண்மை சிறப்பாகக் கருதத்தக்கது. பச்சை இலைகளோடு கிளையொன்று புயலில் முறிந்து தொங்கினால், அதன் இலைகள் கருகிச் சுருண்டுவிடும். ஆயினும் எளிதில் உதிர்வதில்லை. இறந்த கிளை இலையைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. உயிருள்ள கிளையே இலையை விடுகிறது. உதிர்த்தல் உயிரின் வேலை. பிரிபடலத்தை ஆக்குவதற்கும், பசையைக் கரைப்பதற்கும், புண்ணை மூடுவதற்கும் உயிருள்ள அணுக்கள் வேண்டும். ஆகவே, இலையுதிர்வைச் சாவுக்கு உவமையாக்குவோர், மரம் வாழ்வதற்காகச் செய்யும் செயலைச் சாவின் அடையாளமாகக் காட்டுகின்றனர்.

ஓர் ஒற்றின் வேறுபாடு

இவ்வுண்மையைச் சொல்வதற்குத் தமிழ் மொழியே நமக்கு வழி வகுத்து வைத்துள்ளது. 'உதிர்' என்னும் வினைப்பகுதி ஒன்றே. 'இலை உதிர்ந்தது' என்பது தன்வினை. 'மரம் இலையை உதிர்த்தது' என்பது பிறவினை. நகர ஒற்று தகர ஒற்றாக மாறுவதே வேறுபாடு. எழுத்தளவில் சிறிய இம்மாற்றம் பொருளளவில் பெரிது. முன்னதில் இலைக்கு ஏதோ நேர்கிறது. செய்தவர் எவரும் வாக்கியத்தில் இல்லை. பின்னதில் மரம் எழுவாயாக வந்து செயலை ஏற்றுக்கொள்கிறது.

நம் கவிதைகளில் பெரிதும் வருவது தன்வினையே. இலைகள் தாமாக உதிர்கின்றன. காற்று அவற்றை அலைக்கழிக்கிறது. கவிஞர் அவற்றின் பொருட்டு இரங்குகிறார். மரம் பின்புலமாக நிற்கிறது. அது என்ன செய்தது என்ற வினா எழுவதில்லை. இஃது இலக்கணப் பிழையன்று. கவிஞர் நோக்கு எங்கு நின்றது என்பதைக் காட்டும் அடையாளம்.

தமிழின் மற்றொரு சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. முதிர்ந்து மஞ்சளான இலையைப் 'பழுத்த இலை' என்கிறோம். பழம் பழுப்பதற்கும் இலை பழுப்பதற்கும் தமிழில் வினை ஒன்றே. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என இலையின் வாழ்வைப் படிமுறையாகக் கண்ட மொழி இது. உதிரும் முன் இலை பழுக்கிறது, அஃதாவது தன் வேலையை முடிக்கிறது, என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்னும் பழமொழியிலும் பழுத்த ஓலை இகழப்படவில்லை. இகழப்படுவது குருத்தோலையின் அறியாமை. இத்தனை வளம் வீட்டில் இருக்கவும், வாடுதலும் சாதலும் ஆகிய இரண்டு சொற்களோடு நாம் அமைந்துவிட்டோம்.

பால்மரக் காட்டின் பாலை

மலேசியாவில் இலையுதிர்வே இல்லையா என்று மாணவர் கேட்கக்கூடும். உண்டு. நம் முன்னோர் நூறாண்டுக்கு மேலாக அதனைக் கண்டனர்; அதன் நடுவே நின்று பால் வெட்டினர். அஃது ரப்பர் மரத்தின் இலையுதிர்வு.

ரப்பர் மரம் இந்நாட்டு மரமன்று. ஹென்றி விக்கம் 1876 இல் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877 இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. தமிழ்த் தொழிலாளரைப் போன்றே அம்மரமும் கடல் கடந்து வந்து இங்குக் குடியேறியது. குடியேறியபோது தன் தாய்நிலத்துப் பழக்கத்தையும் உடன்கொண்டு வந்தது. அங்கு வறண்ட மாதங்களில் இலையுதிர்க்கும் இயல்புடைய அம்மரம், பகல் நீளம் ஆண்டு முழுவதும் ஒருமணி நேரங்கூட வேறுபடாத இந்நாட்டிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர்க்கிறது. நட்டு மூன்று நான்கு ஆண்டுகள் சென்ற மரங்களில் இது தொடங்குகிறது. தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை இது நிகழும். வறட்சி தெளிவாக அமைந்த ஆண்டில் காடு முழுவதும் ஏறக்குறைய ஒருசேர மொட்டையாகும். மழை விடாத ஆண்டில் உதிர்வு சீராக இராது, நீண்டுகொண்டே போகும்.

தைப்பூசத் தேர் ஈப்போ சாலை வழியே பத்துமலைக்குச் செல்லும் காலத்தை ஒட்டி, தோட்டங்களில் மும்மூன்றாய் அமைந்த ரப்பர் இலைகள் மஞ்சளும் செம்மையுமாய்ப் பழுக்கும். சில வாரங்களில் நிழல் முற்றும் நீங்கும். காலடியில் சருகு ஒலிக்கும். தீப்பற்றிவிடுமோ என்னும் அச்சமும் உண்டு. பின்னர்ச் செம்பு நிறத் தளிர்கள் துவண்டு தொங்கும். அவை விறைத்துப் பச்சையாகும். உடன் சிறு பூக்கள் பூக்கும். ஐந்தாறு மாதங்களில் காய்கள் வெடித்து விதைகள் தெறிக்கும். இவ்வொலியைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார்.

ஆயின், பால் வெட்டுவோர்க்கு இக்காலம் காட்சியின்பத்துக்கு உரியதாக அமையவில்லை. தளிர்விடும் மரம் தன் சேமிப்பைத் தளிருக்குச் செலவிடுகிறது, பால் குறைகிறது. மங்கில் விழும் பாலின் அளவே கூலியோடு தொடர்புடையதாகையால், இலையுதிர்ந்த மாதங்கள் கைச்செலவு சுருங்கும் மாதங்கள். சிறுதோட்டம் வைத்திருப்போர் அக்காலத்தில் பால்வெட்டை நிறுத்திவிடுவதும் உண்டு. மரம் தன் வாழ்வுக்காகச் செய்த சிக்கனத்தின் சுமை, அதனை நம்பியிருந்த குடும்பத்தின் அடுப்பில் இறங்கியது. மலேசியத் தமிழ் இலக்கியத்துக்கே உரிய இலையுதிர்வு இதுதான். இதில் மேலைநாட்டுப் பூங்காவும் இல்லை. மாலை நேரத்துத் தனிமையும் இல்லை. மரத்தின் கணக்கும் மனிதரின் கணக்கும் மோதுகின்ற இடம் இது.

இவ்விடத்தில் நம் திணை மரபு நமக்குக் கைகொடுக்கிறது. பாலைக்கு உரிய பெரும்பொழுது வேனில். எனினும், பின்பனியும் அதற்கு உரியது என்பது தொல்காப்பியர் கொள்கை. பின்பனிக்கு உரிய மாதங்கள் மாசியும் பங்குனியும். ரப்பர் காடு மொட்டையாகி நிற்கும் காலமும் பெரிதும் அதுவே. தொல்காப்பியர் ரப்பர் மரத்தைக் கண்டவரல்லர். ஆகவே இவ்வொற்றுமையை முன்னறிவு என்று கொள்ளுதல் தவறு. ஆனால், மரபு நமக்கு விட்டுச்சென்ற இடத்தில் நம் காட்சி இயல்பாகப் பொருந்துகிறது என்பதைக் காணலாம். மேலும், பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரியும்போது தோன்றும் நிலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஆண்டின் பெரும்பகுதி பசுமையாக இருந்து சில வாரங்கள் மட்டும் இயல்பு திரிந்து நிற்கும் ரப்பர் காட்டுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் கிடைத்தல் அரிது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் கருதிக் கடல் கடந்தவர் வாழ்ந்த அக்காடு, பாலைத் திணையின் புதிய நிலமாக ஆகியிருக்க வேண்டும். தோட்ட வாழ்வின் துயரை எழுதிய நம் புனைகதைகள் பலவாயினும், இத்தொடர்பை முழுமையாகப் பயன்கொண்ட பாடல்கள் போதிய அளவு தோன்றவில்லை என்பதே இவ்வாய்வு கூறும் குறை.

உவமை எதை மறைக்கிறது

இதுவரை கூறியது அழகு பற்றிய குறை. இனிக் கூறுவது அதனினும் பெரிய குறை.

தோட்டங்களை விட்டு மக்கள் வெளியேறிய வரலாறு இந்நாட்டுத் தமிழர் வாழ்வின் பெரிய நிகழ்வு. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்நெருக்கடியின் விளைவாகவே 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை நடப்பட்டது. 1990ஆம் ஆண்டுக்குள் செம்பனையின் பரப்பு ரப்பரின் பரப்பை விஞ்சிவிட்டது. வேறு தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் நகரங்களாகவும் மாறின. பிராங் பெசார் தோட்டம் இதற்குச் சான்று. அத்தோட்டத்தின் பெயரால் வழங்கும் ரப்பர் இனங்களை உலகமே அறியும். 1995 முதல் அந்நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் வேறிடம் சென்றன.

இத்தகைய வெளியேற்றத்தைப் பாடும்போது 'உதிர்ந்த இலைகளானோம்' என்னும் போக்கில் எழுதுவது எளிது, உருக்கமாகவும் அமையும். ஆனால் அவ்வுவமை செய்வது என்ன? முதலாவது, வாக்கியத்தைத் தன்வினையாக்கி, செய்தவரை மறைத்துவிடுகிறது. இரண்டாவது, மனிதர் எண்ணி முடிவுசெய்த ஒரு செயலைப் பருவத்தின் செயலாக்குகிறது. பருவத்தோடு எவரும் வழக்காட இயலாது; பருவத்திடம் இழப்பீடு கேட்கவும் இயலாது. துயரைச் சொல்ல வந்த உவமை, துயருக்குக் காரணமானவற்றைக் கேள்வியிலிருந்து விடுவித்துவிடுகிறது. இரக்கம் மிகுந்த கவிதை, தான் விரும்பாமலே, அநீதிக்கு ஒரு மறைப்பாக அமைந்துவிடுகிறது.

பிறவினையாக மாற்றி, 'தோட்டம் எங்களை உதிர்த்தது' என்று எழுதினால் போதுமா? ஓரளவுக்குப் போதும். எழுவாய் வெளிப்பட்டுவிடும். இலையிலுள்ள சத்தைத் திரும்பப் பெற்ற பின்பே மரம் இலையை விடுகிறது என்னும் செய்தியும் அங்கே கூர்மை பெறும். உழைப்பைப் பெற்றுக்கொண்டு உழைத்தவரை விட்டது என்னும் பொருள் தானே தோன்றும். எனினும், அங்கும் உவமை ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. மரம் இலையை உதிர்ப்பது வறட்சியில் உயிர் பிழைப்பதற்காக. நிலம் கைமாறுவது பெரும்பாலும் ஆதாயத்துக்காக. மரம் உதிர்த்த இலை அதன் வேரடியிலேயே மட்கி, அம்மரத்துக்கே மீண்டும் உணவாகிறது. வெளியேறிய குடும்பம் அம்மண்ணுக்குத் திரும்புவதில்லை. நல்ல கவிஞர் உவமையின் இந்த எல்லையையும் பாட்டுக்குள் கொண்டுவருவார். எவ்வளவு தூரம் ஒக்கும், எவ்விடத்தில் ஒவ்வாது என்று காட்டுவதும் உவமை அறத்தின் ஒரு பகுதியாகும்.

ரப்பருக்குப் பின்வந்த செம்பனை இவ்வகையில் வேறொரு பாடம் தருகிறது. 1917 இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் அது வணிக நோக்கில் முதலில் நடப்பட்டது. செம்பனை ரப்பரைப் போல் இலையுதிர்ப்பதில்லை. அதன் மட்டைகள் முதிர்ந்தும் தண்டோடு ஒட்டி நிற்கும். நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் மனிதரே அவற்றை வெட்டி வரிசையாக அடுக்க வேண்டும். அங்கு உதிர்வது பழுத்த பழம். அது தரையில் விழுந்து கிடப்பதைக் கொண்டே குலை வெட்டும் பதம் அறியப்படுகிறது. இலை உதிரும் காட்டிலிருந்து மட்டை வெட்டப்படும் காட்டுக்கு வந்திருக்கிறோம். இம்மாற்றத்தை அறியாமல் இன்றைய தோட்டத்தைப் பற்றி எழுதும் கதையில் இலைகளைக் கொட்டவிடுவது காட்சிப் பிழையாகும்.

செந்தூல் மாணவர் காணக்கூடியவை

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். செந்தூலில் வாழும் மாணவருக்கு ரப்பர் காடும் இப்போது நூல்வழிச் செய்திதானே? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அங்குத் தமிழர் இரும்போடு உழைத்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு இலண்டன் பூங்காவும் பழைய ரப்பர் தோட்டமும் ஒரே தொலைவில்தான் உள்ளன. அவ்வாறாயின், ஓர் இரவலை விட்டு மற்றோர் இரவலை ஏற்கச் சொல்வது முறையாகுமா?

இத்தடை நியாயமானது. விடையும் அருகிலேயே உள்ளது. கோலாலம்பூரின் சாலையோரங்களில் நாட்டு வாதுமை மரங்கள் உள்ளன. மலாயர் அதனைக் கெத்தாப்பாங் என்பர். அதன் அகன்ற இலைகள் செக்கச் சிவந்து, ஆண்டுக்கு இருமுறை உதிர்கின்றன. இந்நாட்டு மரங்கள் தத்தம் கணக்குப்படி இலை மாற்றுவதை இ. ஜே. எச். கார்னர் 1940 இல் வெளியிட்ட மலாயாச் சாலையோர மரங்கள் பற்றிய நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது. அங்சானா மரமும் இலையுதிர்ப்பதே. வறட்சிக்குப் பின் மழை பெய்தால், சில நாட்களில் அது மஞ்சளாகப் பூத்து, மறுநாளே சாலையெல்லாம் பூவாய்ச் சொரிந்துவிடும். குறிஞ்சிப் பாடல்களில் வரும் வேங்கைக்கு அது நெருங்கிய இனம். வேங்கையைப் பாடத்தில் மட்டும் கண்ட மாணவர், அதன் உறவு மரத்தின் அடியில் நின்றே பேருந்துக்குக் காத்திருக்கின்றனர் என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டாவா?

ஒரே சாலையில் ஒரு மரம் மொட்டையாக நிற்க, அடுத்த மரம் தளிர்த்து நிற்பதை இந்நாட்டில் காணலாம். நாடு முழுவதையும் ஒரே நாளில் மூடும் பருவம் இங்கு இல்லை. மரத்துக்கு மரம் தனிக் காலம் உண்டு. இவ்வொன்றே ஒரு புதிய உவமைக்குப் போதுமானது. ஒரு குடும்பத்தில் ஒருவர் தளர்ந்திருக்கும்போது மற்றவர் தழைப்பதையும், ஒரே வரிசை வீடுகளில் துக்கமும் மகிழ்ச்சியும் அடுத்தடுத்து நிற்பதையும் சொல்ல, மேலைநாட்டுப் பருவத்தைக் காட்டிலும் இச்சாலை மரங்களே ஏற்றவை.

ஆசிரியர்கள் வகுப்பில் எளிய பயிற்சி ஒன்றைச் செய்து பார்க்கலாம். மரத்தைப் பற்றித் தன்கதைக் கட்டுரை எழுதும் மாணவர், முதலில் ஒரு மரத்தைத் தேர்ந்து ஓராண்டு நோக்கட்டும். இலை எப்போது பழுத்தது, எப்போது உதிர்ந்தது, தளிர் வர எத்தனை நாள் ஆயிற்று என்று குறித்து வைக்கட்டும். பின்னர் ஒரே செய்தியைத் தன்வினையில் ஒருமுறையும் பிறவினையில் ஒருமுறையும் எழுதட்டும். இரண்டுக்கும் இடையே பொருளில் என்ன மாறியது என்று கேட்டால், இலக்கணமும் இலக்கியமும் வேறுவேறு பாடங்கள் அல்ல என்பதை அவர்களே உணர்வர்.

இவ்வளவும் கூறியதால் இலையுதிர்வைப் பாடவே கூடாது என்பது கருத்தன்று. உயிருள்ள மரம் தன் பொருளைக் காத்துக்கொண்டு, புண்ணை ஆற்றிக்கொண்டு, புதுத் தளிருக்கு இடம்விடும் அரிய செயல் அது. முதுமையின் நிறைவுக்கும், அறிந்து விலகும் பெருந்தன்மைக்கும், அடுத்த தலைமுறைக்கு வழிவிடும் தாய்மைக்கும் அது பொருந்தும். கொடுமையால் நேர்ந்த இழப்புக்கு அது பொருந்தாது; அதற்கு வெட்டுதல், பறித்தல், பெயர்த்தல் என்னும் வினைகள் தமிழில் உள்ளன. எழுதுகோலை எடுக்கும் மாணவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுதான்: நான் சொல்லவிருக்கும் இழப்பில் இலை உதிர்ந்ததா, மரம் உதிர்த்ததா, அன்றி எவரேனும் பறித்தாரா? இவ்வினாவுக்கு நேர்மையாக விடை சொல்லும் கவிதையில் உவமை தானே வந்து பொருந்தும்.